ஆட்சி, ஆவணம், காட்சி: ஈரல், சிறுநீரக மருந்தறிக்கைகளின் சான்றுமுறை

1. தோற்றுவாய்

தென்பெண்ணையாற்றின் தென்பால் அமைந்த திருவெண்ணெய்நல்லூர், தமிழிலக்கிய வரலாறு பயில்வார் நன்கறிந்த ஊராகும். கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் என அது போற்றப்படுகின்றது. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் வாழ்ந்த ஊரும் அதுவே. இவ்விருவர்க்கும் முன்னர், சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட வழக்கு நிகழ்ந்த அவைக்களமும் அவ்வூரின்கண்ணதே.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிற் பாடிய பெரியபுராணத்துள் அவ்வழக்கின் நடைமுறை விரித்துரைக்கப்படுகின்றது. புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை முதியவர் ஒருவர் தமக்கு வழியடிமை என்கின்றார். அவர் காட்டவந்த ஓலையை ஆரூரர் பற்றிக் கிழித்துவிடுகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகின்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் காட்டுமாறு அவையத்தார் முதியவரை வினவுகின்றனர். கிழிந்தது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடம் உளது என்றும் கூறி அவர் அதனை அளிக்கின்றார். அவையத்தார் அதனைப் படித்த அளவில் அமைந்தாரல்லர். ஆரூரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிடத்தினின்றும் வருவித்து, இரண்டினையும் ஒத்துநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

இப்பகுதி பண்டைத் தமிழர் வழக்குமன்ற நெறிக்குச் சான்றாக எடுத்தாளப்படுவது. யாம் ஈண்டு அதனை வேறொரு துறைக்கு உரைகல்லாகக் கொள்கின்றோம். ஏறத்தாழ நூறாண்டுக்கு மேலாகத் தமிழ் இதழ்களிலும் பஞ்சாங்கங்களிலும் மருந்தறிக்கைகள் வெளிவந்துள்ளன. அவற்றுள் ஈரல் நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் உரிய மருந்துகளைப் பற்றியன ஒரு தனிவகையாக எண்ணத் தக்கன. அவை கூறும் சான்றுகள் எவை? அச்சான்றுகள் எத்துணை வலியுடையன? இவ்விரு வினாக்களையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது மருத்துவர்க்குரிய பொருளன்றோ, தமிழ்த் துறையார்க்கு இதன்கண் யாது பணி எனச் சிலர் வினவக்கூடும். மருந்தறிக்கை என்பது உரைநடை இலக்கிய வரலாற்றில் ஒரு கூறு. பொதுமக்கள் மிகுதியும் படித்த அச்சுத் தமிழ்களுள் அதுவும் ஒன்று. மேலும், மருந்து வணிகத்தின் ஊதியமே பல அறிவுப் பணிகளைப் புரந்தது. தஞ்சையில் சஞ்சீவி மாத்திரைகளாற் புகழ் பெற்ற ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெரிய இசைநூலை வெளியிட்டதனையும், அமிர்தாஞ்சனம் விற்ற காசிநாதுனி நாகேசுவரராவ் ஆந்திர பத்திரிகையை நடத்தியதனையும் நாம் அறிவோம். எனவே இவ்வறிக்கைகளைப் புறக்கணித்தல் முறையாகாது.

2. பேட்டண்டு என்னும் சொல்

இம்மருந்துகள் பேட்டண்டு மருந்துகள் என வழங்கப்பட்டன. இச்சொல் ‘திறந்திருத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன வேரினின்றும் பிறந்தது. இங்கிலாந்து மன்னர் ஒருவர்க்குத் தனியுரிமை வழங்குங்கால், யாவரும் படிக்குமாறு மூடி முத்திரையிடாது விடுத்த திறந்த ஓலையே பேட்டண்டு எனப்பட்டது. பின்னர் அச்சொல் அவ்வுரிமையையே குறிப்பதாயிற்று. உரிமை பெற வேண்டின் செய்முறையை வெளிப்படுத்தல் வேண்டும். மருந்து வணிகரோ செய்முறையை மறைக்க விரும்பினர். ஆகவே அவருட் பெரும்பாலோர் மருந்துக்கு உரிமை பெறாது, அதன் பெயருக்கும் சீட்டுக்கும் புட்டியின் வடிவிற்கும் மட்டுமே காப்புப் பெற்றனர். திறந்த ஓலையைக் குறித்த சொல் மறைபொருளைக் குறிக்கும் சொல்லாக மாறிய இம்மாற்றம் சொற்பொருள் ஆய்வார் கருதத் தக்கது.

மேனாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இதனைத் தெளிவாக்கும். அமெரிக்க நாட்டு ராச்செசுட்டர் நகரில் எச். எச். வார்னர் என்பார் தீக்காப்பு இரும்புப் பெட்டி விற்று வந்தார். தம் சிறுநீரக நோய் ஒரு மருந்தால் தீர்ந்தது எனக் கூறி, அதன் உரிமையை வாங்கி, 1879இல் ‘சேஃப்’ சிறுநீரக ஈரல் மருந்து என்னும் பெயரால் விற்கலானார். சேஃப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இரும்புப் பெட்டி என்பதும், தீங்கற்றது என்பதும் ஆகிய இருபொருள் உண்டு. புட்டியின்மேல் பெட்டியின் உருவம் பொறிக்கப்பட்டது. தீங்கின்மைக்குச் சான்று வேண்டாது, சிலேடையே சான்றாய் நின்றது. அவர் பெருஞ்செல்வராகி வானாய்வு நிலையம் ஒன்றையும் கட்டுவித்தார். 1893ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் அவர்தம் செல்வம் அழிந்தது. ஆயினும் மருந்தின் பெயர் பின்னும் பல்லாண்டு நின்றது.

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் 1964இல் திருத்தப்பட்டபோது, ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளும் அதனுட் கொணரப்பட்டன. பேட்டண்டு அல்லது தனியுரிமை மருந்து என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை நோக்கத் தக்கது. சட்ட அட்டவணையிற் குறித்த நூல்களின் மருந்து முறைகளுள் வரும் சரக்குகளை மட்டுமே அது கொண்டிருத்தல் வேண்டும். ஆனால் அந்நூல்களுள் அவ்வாறே கூறப்பட்ட மருந்தாக இருத்தல் கூடாது. அஃதாவது சரக்கு நூலினது; கூட்டு வணிகருடையது. இவ்வேறுபாடு பின்னர் ஆவணம் பற்றிப் பேசுமிடத்துப் பயன்படும்.

3. உறுப்பும் நோயும் பெயர்களும்

ஈரல் என்னும் சொல் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என அடைபெற்று மூன்று உறுப்புகளை உணர்த்துவது. மக்கள் வழக்கில் ஈரற்குலை, குலை என்பனவும் உண்டு. குலைநடுக்கம் என்னும் தொடரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. சிறுநீரகம் என்பது இக்காலத்து ஆக்கம். பழைய அகராதிகளும் வைத்திய நூல்களும் குண்டிக்காய் என்றே வழங்கின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களை மொழிபெயர்த்தும் செய்த பணி, இத்தகைய உறுப்புப் பெயர்களை வரையறுத்து ஆளும் தேவையைத் தமிழ்க்கு உண்டாக்கியது.

நோய்ப் பெயர்களின் இயல்பு வேறு. காமாலை, மகோதரம், நீரடைப்பு, கல்லடைப்பு, நீர்ச்சுருக்கு என்பன நோயின் வேரைக் குறிப்பன அல்ல. கண்ணுக்கும் உணர்வுக்கும் புலனாகும் குறிகளைக் குறிப்பன. கண்ணும் தோலும் மஞ்சளாதல் காமாலை எனப்பட்டது. அக்குறி நீரால் பரவும் நச்சுயிரியாலும் வரலாம். குருதியால் பரவும் நச்சுயிரியாலும் வரலாம். பித்தக்குழாயிற் கல் அடைத்தலாலும் மதுவாலும் புற்றாலும் வரலாம். ஒரு பெயருள் பல நோய்கள் அடங்கியிருத்தலின், ‘காமாலைக்கு மருந்து’ என்னும் தொடர் தன்னளவில் தெளிவற்றது. மருந்தறிக்கையின் வலியெல்லாம் இத்தெளிவின்மையினின்றே பிறக்கின்றது என்பது எம் கருத்து. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்னும் பழமொழி நோயாளனைக் காட்டிலும் அறிக்கை எழுதுவார்க்கே பொருந்தும் போலும்.

4. ஆட்சி

ஆட்சி என்பது வழிவழியாக நுகர்ந்துவரும் உரிமை. மருந்தறிக்கைகள் இதனைப் பரம்பரை, தொன்றுதொட்டு, கைகண்ட, அனுபவசித்தம் என்னும் சொற்களாற் கூறும். ‘கைகண்ட மருந்து’ என்பது அழகிய ஆட்சி. கண் காண்பதனைக் கைமேல் ஏற்றிக் கூறும் இத்தொடர், காட்சியும் பயிற்சியும் ஒருங்கே அமைந்தமை உணர்த்துகின்றது.

ஆட்சிச் சான்றுக்குத் தலையாய எடுத்துக்காட்டு கீழாநெல்லி. தண்டின் சிறு கிளைகளின் கீழ்ப்புறத்தே காய்கள் வரிசையாகத் தொங்குதலின் இதனைக் கீழ்க்காய்நெல்லி எனவும் கூறுவர். மழைக்காலத்து வயல்வரப்பிலும் தோட்டத்திலும் தானே முளைப்பது. இதனை வேரோடு பறித்து அரைத்து மோரிலோ பாலிலோ கலந்து காலையிற் கொடுத்தல் தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கு. உப்பும் எண்ணெயும் புளியும் நீக்கிப் பத்தியம் காப்பர். சில கிழமைகளிற் கண்ணின் மஞ்சள் மாறும், பசி எடுக்கும், நோயாளன் எழுந்து நடப்பான்.

இவ்வழக்குப் பொய்யன்று. கண்டவர் கண்டதனையே கூறினர். ஆயினும் ஆராய்வார் ஒன்றனை வினவுதல் வேண்டும். மருந்து கொடாதிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் ‘ஏ’ வகை ஈரல் அழற்சி, நம் ஊர்களிற் காணும் காமாலைகளுள் ஒன்று. அது பெரும்பாலார்க்குச் சில கிழமைகளில் தானே தணிவது. நாட்பட்ட நோயாக மாறாதது. சிறுநீரகக் கல்லுக்கும் இஃது ஒக்கும். சிறுபீளை, நெருஞ்சில், நீர்முள்ளி முதலியவற்றைக் காய்ச்சிப் பருகிய பின் கல் வெளிப்பட்டது எனக் கூறுவார் பலர். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களுட் பெரும்பாலன எம்மருந்தும் இன்றியே சிறுநீரோடு கழிவன. குடிநீர் மிகுதியும் பருகுதல் அதற்குத் துணை செய்யும். கசாயமும் நீரே அன்றோ?

எனவே, தானே தீரும் நோயில் ஆட்சிச் சான்று மருந்தின் ஆற்றலையும் உடலின் ஆற்றலையும் பிரித்துக் காட்ட இயலாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் நம் முன்னோர் உவமை இதற்கே அமைந்தது. மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாசாரியார் தம் சித்தியாரை அளவையியலோடு தொடங்கியமையும் ஈண்டு நினைக்கத் தகும். காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளின் இலக்கணமும் போலியும் உணராதார் பொருளுண்மை துணிதல் அரிது என்பதே அதன் கருத்து.

தானே தீராத நோய்களோ வேறு. குருதியால் பரவும் ‘பி’ வகை நாட்பட நின்று ஈரலைச் சுருக்கவும் புற்று விளைக்கவும் வல்லது. கல் பெரிதாகிச் சிறுநீர்க் குழாயை அடைப்பின் சிறுநீரகம் கெடும். இவற்றிற்கும் அவ்வாட்சியையே நம்பிக் காலம் தாழ்த்துவார் அடையும் இழப்பு மீட்க இயலாதது. ஆய்வு இவ்விடத்து வெறுஞ்சொல்லாராய்ச்சியாக அமையாமல் உயிரோடு தொடர்புடையதாகின்றது.

5. ஆவணம்

இரண்டாவது சான்று நூல். அகத்தியர், தேரையர், போகர், புலிப்பாணி முதலியோர் பெயரால் வழங்கும் வாகட நூல்களே ஆவணங்கள். மேற்குறித்த சட்டத்தின் அட்டவணையிலும் போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் வைத்திய காவியம், பால வாகடம் முதலியன இடம் பெற்றுள்ளன. அரசே மூல ஓலைகளாக ஏற்றுக்கொண்ட தமிழ்ச் செய்யுள் நூல்கள் இவை. இவற்றின் பாடங்களைத் தூய்மை செய்தல் யாருடைய கடன்? ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் காட்டி, ஆய்வுப் பதிப்பாக வெளிவந்த வாகட நூல்கள் மிகச் சிலவே. சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் செய்த உழைப்பிற் பத்திலொரு கூறேனும் இவற்றிற்கு நாம் செய்தோமில்லை.

குணபாடச் செய்யுட்களின் யாப்பும் நடையும் மருந்தறிக்கைகளின் நடைக்கு மூலமாயின என்பது யாம் கண்ட முடிபு. அச்செய்யுட்கள் ஒரு மூலிகையை எடுத்து, அது தீர்க்கும் நோய்களை நிரல்பட அடுக்கி, போம், ஏகும், தீரும் என்னும் வினைகளால் முடிப்பன. நோய் ஓர் உயிர்ப்பொருள் போல மருந்தைக் கண்டு அஞ்சி ஓடுவதாகக் கூறும் மரபு அது. இடையே பெண்ணொருத்தியை விளிக்கும் மகடூஉ முன்னிலையும் பயின்றுவரும். மருந்தறிக்கையும் நோய்களை அடுக்குகின்றது; அவை பறந்தோடும் என்கின்றது; குழந்தை மருந்தாயின் தாய்மாரை விளிக்கின்றது. செய்யுளில் மனப்பாடத்திற்கும் ஓசைக்கும் அமைந்த அடுக்கு, அறிக்கையில் உறுதிமொழியாக மாறிவிடுகின்றது. மாணாக்கன் நினைவிற் கொள்ளுதற்கு எழுந்த நூற்பாவை நோயாளனுக்குக் கொடுத்த வாக்குறுதியாகப் படித்தல் இலக்கிய வகை மயக்கமாகும்.

ஆவணத்தில் மற்றோர் இடர் பெயர் மயக்கம். கீழாநெல்லிக்கு நூற்றாண்டுகளாகப் பயிர்நூலார் இட்டு வழங்கிய பெயர் ஃபில்லாந்தசு நிரூரி என்பது. பின்னர் நுணுகி ஆய்ந்தபோது, நிரூரி என்னும் இனம் அமெரிக்கக் கண்டத்திற்கே உரியது எனவும், இந்தியாவில் அப்பெயரால் குறிக்கப்பட்டவை அமாரசு, ஃபிரேட்டர்னசு, டெபிலிசு எனப் பல இனங்கள் எனவும் தெளிந்தனர். தமிழிலும் கீழாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி, மேலாநெல்லி என வேறுபாடு உண்டு. கடைச்சரக்காக உலர்ந்து பொடிந்த பின் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாது.

பெயர் மயக்கம் உயிர்க்கு ஊறு விளைத்தமைக்குப் பெல்சிய நாட்டு நிகழ்ச்சி சான்று. பிரசல்சு நகரில் உடல் மெலிவிக்கும் மருந்து உண்ட பெண்கள் சிலர்க்குச் சிறுநீரகம் விரைந்து கெட்டமையை மருத்துவர் 1993இல் வெளியிட்டனர். ஒலியால் ஒத்த பெயருடைய இரண்டு சீன மூலிகைகள் இடம் மாறியதே அதற்குக் காரணம் என அறியப்பட்டது. மாறி வந்த மூலிகை அரிசுடோலோக்கியா இனத்தது. அதன் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றும் விளைப்பது. நம் வாகடங்களில் வரும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அவ்வினத்தனவே. பெயரைத் துணிதல் அகராதிக்காரர் பொழுதுபோக்கன்று என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்தும். டி. வி. சாம்பசிவம் பிள்ளை மருத்துவப் பேரகராதியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டமையின் அருமையும் இதனால் விளங்கும்.

இன்னொன்று. தனியுரிமை மருந்தின் சரக்குகளுக்கே நூல் ஆவணம் உண்டு. கூட்டுக்கு இல்லை என மேலே கண்டோம். பத்துச் சரக்குகளுக்குத் தனித்தனியே பாட்டு இருத்தல், அப்பத்தும் கூடிய புட்டிக்குப் பாட்டு இருத்தலாகாது. ‘சித்தர் நூல்களிற் கூறிய மூலிகைகளால் ஆயது’ என்னும் அறிக்கை வாக்கியம் மெய்யே; ஆயினும் அது மூல ஓலையன்று, படியோலையே.

6. காட்சி

மூன்றாவது சான்று அயலார் காட்சி. அறிக்கைகளில் இது நற்சாட்சிப் பத்திரம் என்னும் பெயரால் வரும். நீதிபதி, தாசில்தார், தலைமையாசிரியர் போன்ற பதவியாளர் எழுதிய மடல்கள் இவ்வகையின. இவற்றின் அமைப்பு ஒரு சிறுகதையின் அமைப்பே: பல மருத்துவரும் கைவிட்ட நிலை, நண்பர் ஒருவர் சொல், இரண்டு புட்டி, முழு நலம். சான்று கூறுவார் பொய்யர் அல்லர். ஆனால் நலம் பெறாதார் மடல் எழுதுவதில்லை. இறந்தார் எழுதுதல் இயலாது. எனவே மடற்கட்டு எத்துணைப் பெரிதாயினும் அது ஒருபாற் சாட்சியே.

இதன் பொருள் தமிழ்நாட்டுக் குழந்தை ஈரல் நோய் வரலாற்றில் நன்கு விளங்கும். சென்னை மயிலாப்பூரில் ஜம்மி வெங்கடரமணய்யா நிறுவனத்தார் செய்த குழந்தை ஈரல் மருந்தாகிய லிவர்க்யூர், தமிழ் இதழ்களைப் புரட்டினார் யாவர்க்கும் பழகிய பெயர். அத்தகைய மருந்துகளுக்குப் பெருந்தேவை இருந்தமைக்குக் காரணம் உண்டு. ஒன்று முதல் மூன்று அகவைக் குழந்தைகளுக்கு வயிறு பருத்து, ஈரல் கல்போல் இறுகி, காமாலையும் நீர்க்கோவையும் தோன்றிச் சில திங்களில் உயிர் போகும் கொடுநோய் ஒன்று இந்தியாவில் இருந்தது. 1887இல் கல்கத்தாவில் சென் என்பார் இதனை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார். வறியோர் வீட்டைக் காட்டிலும் நடுத்தர வீடுகளில் இது மிகுதியாகக் காணப்பட்டது. ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தமையும் உண்டு.

அந்நாளில் இதற்கு உறுதியான மருந்து எம்முறையிலும் இல்லை. பெற்றோர் கைக்கு எட்டிய புட்டியை நாடினர். அவரைக் குறை கூறல் தகாது. மருந்து செய்தாரும் தாம் கற்ற நெறியின்படியே செய்தனர். ஆயின் இவ்வளவு அறிக்கைகளும் மடல்களும் வெளிவந்த நெடுங்காலத்தும், நோயின் வேர் மருந்துக் கடையில் அன்றி அடுக்களையிலே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் புனேயிற் பாவே, பண்டிட் என்னும் மருத்துவரும் இங்கிலாந்து நாட்டுத் தானரும் கூடி ஆய்ந்தனர். நோயுற்ற குழந்தைகளின் ஈரலிற் செம்பு மிகுந்திருந்தது. நோயுற்ற குழந்தைகளின் வீட்டு வழக்கத்தையும் நோயற்ற குழந்தைகளின் வீட்டு வழக்கத்தையும் அவர்கள் ஒப்பிட்டனர். நோயுற்ற வீடுகளில், பிறந்த சில திங்களிலேயே புட்டிப்பாலோ பசும்பாலோ ஊட்டத் தொடங்கி, அப்பாலைப் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சி வைத்திருந்தனர். பாலிலுள்ள புரதம் செம்பைப் பற்றிக்கொள்ளும். முதிர்ந்தோர் ஈரல் அதனைப் பித்தத்தின் வழியே கழிக்கும். பச்சிளங் குழந்தையின் ஈரலுக்கு அவ்வாற்றல் போதாது. இவ்வாய்வு 1983இல் வெளியாயிற்று.

ஆசுதிரிய நாட்டுத் தைரோல் மலைப்பகுதியிலும் இதனையொத்த செய்தி கண்டறியப்பட்டது. 1900 முதல் 1974 வரை அங்கு 138 குழந்தைகள் இத்தகைய ஈரல் நோயால் இறந்தனர் எனவும், பாலைப் பூச்சற்ற செம்புப் பாத்திரத்திற் காய்ச்சியமை அதற்குத் துணையாயிற்று எனவும், பாத்திரம் மாறியபின் நோய் மறைந்தது எனவும் 1996இல் வெளியிட்டனர். பிறவி இயல்பும் உடன் காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து. இந்தியாவிலும் எவர்சில்வர் பாத்திரம் பரவியபின் அந்நோய் அரிதாயிற்று.

தெருத்தோறும் வந்து பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசிய தொழிலாளர், தாம் அறியாமலே, ஒருவகையில் குழந்தை மருத்துவராய் இருந்தனர் எனலாம். வெள்ளீயப் பூச்சு செம்பிற்கும் பாலுக்கும் இடையே வேலியாய் நின்றது. பூச்சுத் தேய்ந்த பாத்திரமே குற்றவாளி. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்துள் நோயையும், நோயின் முதலையும், தணிக்கும் வாயிலையும் முறையே நாடவேண்டும் என்றார். நம் அறிக்கைகள் நடுவே உள்ள முதலை விடுத்து, நோயினின்றும் நேரே மருந்துக்குத் தாவின. ஆயிரம் நற்சாட்சி மடல்களால் வெளிப்படாத உண்மை, இரண்டு வகை வீடுகளை அருகருகே வைத்து நோக்கிய அளவில் வெளிப்பட்டது.

7. ஒத்துநோக்கு

திருவெண்ணெய்நல்லூர் அவையத்தாரின் சிறப்பு மூன்று சான்றுகளைக் கேட்டதில் மட்டும் இல்லை. கிடைத்த ஓலையை மற்றோர் ஓலையோடு ஒத்துநோக்கியதில் உள்ளது. இந்நெறி கீழாநெல்லிக்கும் கையாளப்பட்டது.

‘பி’ வகை ஈரல் அழற்சி நச்சுயிரியைக் கண்டமைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் புளூம்பெர்க். அவரும் இர்விங் மில்மனும் அதன் தடுப்பூசி முறையை வகுத்தவர்கள். அவ்விருவரும் வேங்கடேசுவரன் என்னும் ஆய்வாளரும் சேர்ந்து கீழாநெல்லிச் சாற்றை ஆய்ந்து, அது ஆய்வுக்குழாயில் அந்நச்சுயிரியின் செயலைத் தடுப்பதாக 1987இல் அறிவித்தனர். அவ்வாண்டே அமெரிக்காவில் பாக்சு சேசு புற்றுநோய் நிலையத்தின் பெயரால் அம்மருந்து முறைக்குக் காப்புரிமையும் பெறப்பட்டது. தமிழர் வரப்பிற் பறித்த பூண்டு உண்மைப் பொருளிலேயே பேட்டண்டு மருந்தாயிற்று. மரபறிவைப் பிறர் உரிமையாக்கிக்கொள்ளுதல் முறையா என்னும் வினா பின்னர் எழுந்ததும், 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டு வாகட நூல்களும் அதனுட் சேர்க்கப்பட்டதும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கன.

1988இல் சென்னையில் தியாகராசனும் பிறரும் புளூம்பெர்க்குடன் கூடிச் செய்த ஆய்வு இலான்செட்டு இதழில் வெளிவந்தது. நச்சுயிரியைத் தாங்கியிருந்தாருள் ஒரு சாரார்க்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு சாரார்க்கு வெற்றுப் பொடியும் கொடுத்தனர். பொடி உண்டாருள் ஆய்விற்கு வந்த 37 பேரில் 22 பேர்க்கு நச்சுயிரியின் மேற்புரதம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடியாருள் 23 பேரில் ஒருவர்க்கே மறைந்தது. அஃதாவது 59 விழுக்காட்டிற்கு எதிர் 4 விழுக்காடு. இச்செய்தி தமிழ்நாட்டில் பெருமகிழ்ச்சி விளைத்தது. ஈரல் மருந்து அறிக்கைகளும் இதனை விரைந்து பற்றிக்கொண்டன.

ஆயினும் ஓர் ஆய்வு ஒரு சாட்சியே. 1990இல் தாய்லாந்திலும், 1994இல் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அப்பயன் காணப்படவில்லை. 2011இல் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழுவினர், நாட்பட்ட ‘பி’ வகை நோயில் இவ்வினப் பூண்டுகள் வெற்றுமருந்தினும் மேம்பட்டவை என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என முடித்தனர். பூண்டின் இனம், பறித்த நிலம், பருவம், செய்முறை ஆகியன வேறுபட்டமை காரணமாகலாம் என்பாரும் உளர். அங்ஙனமாயின் அவற்றை வரையறுத்து மீண்டும் ஆய்தலே நெறி. முதல் ஆய்வை மட்டும் சீட்டில் அச்சிட்டுப் பின்னையவற்றை மறைத்தல் நெறியன்று. அது மூல ஓலையைக் காட்டாது படியோலையைக் காட்டுதலோடு ஒக்கும். இதற்கிடையே, ‘பி’ வகையை வாராமற் காக்கும் தடுப்பூசியும், வந்தபின் அடக்கும் மருந்துகளும் ஒத்துநோக்கில் நிலைபெற்றுப் பயன் தருகின்றன.

சட்டமும் இந்நெறியை ஓரளவு வற்புறுத்தியுள்ளது. 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத்தீர்வு விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில், சிறுநீரகக் கல், பித்தக்கல், பிரைட்டு நோய் என்னும் சிறுநீரக அழற்சி ஆகியனவும் சேர்க்கப்பட்டன. இவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்கட்கு விளம்பரம் செய்தல் குற்றமாயிற்று. அறிக்கைத் தமிழ் இதனால் ஒரு மாற்றம் அடைந்தது. ‘குணமாக்கும்’ என்னும் வினை மெல்ல ஒதுங்கி, ‘துணை செய்யும்’, ‘வலுவூட்டும்’, ‘நலம் பேணும்’ என்பன முன்வந்தன. சட்டத்தின் ஒரு வரி மொழியின் வினைமுற்றை மாற்றியமை நடையியல் ஆய்வார்க்கு நல்விருந்தாகும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. ஈரல், சிறுநீரக மருந்தறிக்கைகள் ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றுகளையே புதிய உருவிற் காட்டுகின்றன. இம்மூன்றும் மெய்யாக இருந்தும் மருந்தின் பயன் மெய்ப்பிக்கப்படாது நிற்றல் கூடும். தானே தீரும் நோயில் ஆட்சி வழுவும். பாடமும் பெயரும் துணியாவிடத்து ஆவணம் வழுவும். ஒருபாலார் மட்டுமே பேசுமிடத்துக் காட்சி வழுவும். இவ்வழுக்களைக் களைவது ஒத்துநோக்கு ஒன்றே. அந்நெறி மேனாட்டினின்றும் நமக்கு வந்த புதுச்சரக்கன்று. சேக்கிழார் காட்டிய திருவெண்ணெய்நல்லூர் அவையில் அது விளங்குகின்றது.

தமிழ் மருத்துவத்தின்பால் அன்புடையார் இந்நெறிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அன்று ஒத்துநோக்கிய ஓலை மெய்யாயிற்று, வழக்கும் வென்றது. வாகட நூல்களுள்ளும் அவ்வாறு வெல்லும் ஓலைகள் இருக்கலாம். அவற்றைத் தேர்ந்தெடுத்தற்கு மருத்துவர் ஆய்வுக்கூடத்தில் உழைத்தல் வேண்டும். அதற்கு முன்னரே நாம் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் துணிந்து, மூலிகைப் பெயர்களை இடந்தோறும் திரட்டிப் பொருள் வரையறுத்து, நம்பத்தக்க மூலங்களை அவர் கையில் அளித்தல் வேண்டும். பிழைபட்ட பாடத்தின்மேல் எழுப்பிய ஆய்வு எத்துணைத் திறமுடையதாயினும் பிழையே பயக்கும். பால வாகடம் முதலாகச் சட்ட அட்டவணையிற் குறித்த தமிழ் நூல்களுக்கு ஆய்வுப் பதிப்பு வெளியிடும் பணியை முதுகலை, முனைவர்ப்பட்ட மாணவர் மேற்கொள்வாராயின், தமிழ்த் துறை நாட்டு மக்களின் உயிர்க்குச் செய்யும் தொண்டாக அது அமையும்.